அரசு அலுவலக வாசலில் நிற்கும் காவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலக வாசலுக்கு அருகே உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். பட்டா, முதியோர் உதவித்தொகை, வழித்தகராறு என்று அவர்கள் கொண்டுவரும் விஷயங்களுக்கு இணையாக, வாசலில் நடக்கும் சோதனையைப் பற்றியும் என்னிடம் கேட்பார்கள். “ஏன் பையைக் கொட்டச் சொல்கிறார்கள்? நான் என்ன திருடனா?” என்று ஒரு முதியவர் கண்கலங்கக் கேட்டது இன்னும் மனதில் இருக்கிறது. அப்படி வந்த கேள்விகளையும், அவற்றைத் தொடர்ந்து நான் தேடித் தெரிந்துகொண்டவற்றையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஓர் அரசுக் கட்டடத்தைக் காப்பது யார்?

கட்டடம் யாருடையது என்பதைப் பொறுத்தது. நமது அரசமைப்பின்படி காவல்துறை மாநிலப் பொறுப்பு. ஆகவே தலைமைச் செயலகம், ஆட்சியர் அலுவலகம், வட்டாட்சியர் அலுவலகம் போன்றவற்றை மாநிலக் காவல்துறைதான் காக்கிறது. அதிலும் இரண்டு பிரிவினரைப் பார்க்கலாம். அந்தப் பகுதி காவல் நிலையத்தைச் சேர்ந்த சட்டம் ஒழுங்குக் காவலர்கள் ஒரு பிரிவு. துப்பாக்கியுடன் பாரா நிற்கும் ஆயுதப்படையினர் இன்னொரு பிரிவு. அமைச்சர் வருகிறார், போராட்டம் அறிவிக்கப்பட்டிருக்கிறது என்றால் பக்கத்து நிலையங்களிலிருந்தும் ஆட்களை வரவழைப்பார்கள். இதைத்தான் காவலர்கள் ‘பந்தோபஸ்து’ என்கிறார்கள்.

மத்திய அரசின் முக்கிய நிறுவனங்களில் நிற்பது பெரும்பாலும் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை. 1969 மார்ச் 10 அன்று, பொதுத்துறைத் தொழிற்சாலைகளைக் காப்பதற்காகத் தொடங்கப்பட்ட படை இது. சென்னை விமான நிலையத்தில் நம் பையைச் சோதிப்பதும், கல்பாக்கம் அணுமின் நிலைய வாசலில் நிற்பதும் இவர்களே. டெல்லியில் மத்திய அமைச்சகங்கள் இயங்கும் கட்டடங்களைக் காக்க இப்படையில் தனிப் பிரிவே இருக்கிறது.

ஆட்சியர் அலுவலக வாசலில் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து முகர்ந்து பார்க்கிறார்களே, ஏன்?

என்னிடம் மிகுதியாகக் கேட்கப்படும் கேள்வி இதுதான். பதில் வலி நிறைந்தது.

2017 அக்டோபர் 23, திங்கட்கிழமை. திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கணவன், மனைவி, இரண்டு சிறு பெண்குழந்தைகள் கொண்ட ஒரு கூலித்தொழிலாளிக் குடும்பம் தீக்கிரையானது. நால்வரும் இறந்துபோனார்கள். கந்துவட்டிக் கொடுமை பற்றிப் பலமுறை மனு கொடுத்தும் பலன் இல்லை என்பதே அவர்களது முறையீடு. இத்தனைக்கும் தமிழ்நாட்டில் அதீத வட்டி வசூலிப்பதைத் தடுக்கும் சட்டம் 2003 முதலே இருக்கிறது.

அதன் பிறகு மாநிலம் முழுவதும் ஆட்சியர் அலுவலக வாசல்களின் முகமே மாறிவிட்டது. பல வாயில்களில் ஒன்றிரண்டை மட்டும் திறந்துவைத்து மற்றவற்றைப் பூட்டினார்கள். பைகளையும் பாட்டில்களையும் பார்த்த பிறகே உள்ளே விடுகிறார்கள். குறைதீர்க்கும் நாளில் தீயணைப்பு வண்டியை வளாகத்திலேயே நிறுத்திவைக்கும் மாவட்டங்களும் உண்டு. மற்ற நாட்டு அரசுக் கட்டடங்களில் ஆயுதம் கொண்டுவருபவனைத் தேடுகிறார்கள். நம் ஆட்சியர் அலுவலக வாசலில் தேடப்படுவது, தன்னையே மாய்த்துக்கொள்ளத் துணிந்து வருகிற மனிதர். எரிபொருள் இருக்கிறதா என்று பாட்டிலை முகர்ந்து பார்க்கும் காவலர் உங்களைச் சந்தேகப்படுவதாக எண்ணி வருந்தாதீர்கள்.

ஒருமுறை நான் பார்த்தது. மஞ்சள் பையுடன் வந்த ஒரு பாட்டியிடம், “பாட்டி, பையைக் கொஞ்சம் காட்டுங்கள்” என்றார் பெண் காவலர். வெற்றிலைச் சுருக்குப்பை, நான்காய் மடித்த மனு, ரேஷன் அட்டையின் நகல், ஒரு பிளாஸ்டிக் பாட்டில். பாட்டிலின் மூடியைத் திறந்து முகர்ந்து, திரும்ப மூடி, பைக்குள் இருந்தபடியே அடுக்கிக் கொடுத்தார். பிறகு மனுவை வாங்கி முதல் வரியைப் படித்துவிட்டு, “பதிவு செய்யும் இடம் இடப்பக்கம், அங்கே முதலில் போங்கள்” என்று கையைக் காட்டினார். முழுதாக ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. வாசற்காவல் என்றால் எனக்கு அந்தப் பெண்ணின் கைகள்தான் நினைவுக்கு வரும்.

தற்கொலைக்கு முயல்பவரைக் காவலர்கள் தடுத்த பிறகு என்ன நடக்கிறது? வழக்குப் போடுவார்களா?

முதலில் தண்ணீரை ஊற்றி, கையில் இருப்பதைப் பிடுங்கிவிட்டு, அவரை ஓரிடத்தில் உட்காரவைப்பார்கள். பெரும்பாலும் அதிகாரி ஒருவர் வந்து மனுவை வாங்கிப் பேசுவார். வழக்கைப் பொறுத்தவரை சட்டம் சற்றுச் சிக்கலானது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவருக்கு அரசு சிகிச்சையும் மறுவாழ்வும் அளிக்க வேண்டும் என்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைப் பொதுவாகக் குற்றமாக்கிய பழைய 309-ஆம் பிரிவு இல்லை. ஆனால் அதே சட்டத்தின் 226-ஆம் பிரிவு, ஓர் அரசு ஊழியரைக் கடமையாற்ற நிர்ப்பந்திக்கவோ தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்குகிறது. ஓராண்டு வரை சாதாரணச் சிறை, அபராதம் அல்லது சமூகசேவை தண்டனையாக விதிக்கப்படலாம்.

அதாவது வீட்டில் முயன்றால் நோயாளி, ஆட்சியர் அலுவலகத்தில் முயன்றால் குற்றவாளி என்று ஆகிவிடும் ஆபத்து இதில் இருக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. ஐந்து முறை மனு கொடுத்து ஓய்ந்துபோனவரிடம் ‘நிர்ப்பந்திக்கிறாய்’ என்று சொல்ல எந்த அலுவலகத்துக்கும் தகுதியில்லை. அந்த நிலையில் நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ இருந்தால், தமிழக அரசின் 104, மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் 14416 ஆகிய இரண்டு எண்களிலும் பேச ஆள் இருக்கிறார்கள். தமிழிலேயே பேசலாம்.

நாடாளுமன்றத்தை யார் காக்கிறார்கள்? டெல்லி போலீஸா, ராணுவமா?

ராணுவம் இல்லை. இதன் கதை ஏறக்குறைய நூறாண்டு நீளமானது.

1929 ஏப்ரல் 8 அன்று பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் இன்றைய நாடாளுமன்றத்தின் முன்னோடியான மத்திய சட்டமன்றத்தின் பார்வையாளர் மாடத்திலிருந்து குண்டுகளை வீசினார்கள். யாரையும் கொல்வது அவர்கள் நோக்கமல்ல, செவிடரைக் கேட்க வைப்பதே நோக்கம் என்று துண்டறிக்கையில் சொன்னார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவையின் பாதுகாப்பைப் போலீஸிடம் ஒப்படைக்க பிரிட்டிஷ் அரசு விரும்பியது. அவைத் தலைவராக இருந்த விட்டல்பாய் படேல், அவையின் காவல் அவையின் கையில்தான் இருக்க வேண்டும் என்று நின்றார். அதன் விளைவாக அதே ஆண்டு அவைக்கென்றே தனிக் காவல் பிரிவு உருவானது. ‘வாட்ச் அண்ட் வார்டு’ என்று பல தலைமுறை அழைத்தது அதைத்தான்.

2001 டிசம்பர் 13 அன்று, உள்துறை அமைச்சகத்தின் போலி அடையாள ஸ்டிக்கர் ஒட்டிய வெள்ளை அம்பாசடர் காரில் ஐந்து பயங்கரவாதிகள் வளாகத்துக்குள் நுழைந்தார்கள். காரின் போக்கைச் சந்தேகித்து முதலில் குரல் எழுப்பியவர்களில் ஒருவர் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் பெண் காவலர் கமலேஷ் குமாரி. கையில் துப்பாக்கி இல்லை. மற்றவர்களை எச்சரிக்க ஓடியவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய குரலால் கிடைத்த நேரத்தில் கட்டடத்தின் கதவுகள் மூடப்பட்டன. ஐந்து பயங்கரவாதிகளும் வெளியிலேயே கொல்லப்பட்டார்கள். உறுப்பினர் எவருக்கும் காயமில்லை. காவலர்களும் அவைப் பாதுகாப்புப் பிரிவினரும் ஒரு தோட்டத் தொழிலாளியுமாக ஒன்பது பேர் உயிரிழந்தார்கள். கமலேஷ் குமாரிக்கும், அவைப் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த ஜகதீஷ் பிரசாத் யாதவ், மத்பர் சிங் நேகி இருவருக்கும் மறைவுக்குப் பின் அசோக சக்கர விருது வழங்கப்பட்டது.

சரியாக 22 ஆண்டு கழித்து, 2023 டிசம்பர் 13 அன்று, புதிய கட்டடத்தின் மக்களவையில் பார்வையாளர் மாடத்திலிருந்து இரண்டு இளைஞர்கள் கீழே குதித்தார்கள். காலணிக்குள் ஒளித்துக் கொண்டுவந்த புகைக்குப்பிகளைத் திறந்ததும் அவை முழுக்க மஞ்சள் புகை. அவர்களை மடக்கிப் பிடித்தவர்களில் உறுப்பினர்களும் இருந்தார்கள். இருவரும் முறையான நுழைவுச் சீட்டுடன்தான் வந்திருந்தார்கள் என்பதே இதில் யோசிக்க வேண்டியது. 2001-ல் ஒரு ஸ்டிக்கரை நம்பினோம். 2023-ல் ஒரு சீட்டை நம்பினோம். இதையடுத்து 2024 மே 20 முதல் வளாகத்தின் பாதுகாப்பு மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையிடம் சென்றது. 3,300-க்கும் மேற்பட்டோர் பணியமர்த்தப்பட்டனர். அதுவரை அங்கிருந்த மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் நாடாளுமன்றப் பிரிவு விலக்கிக்கொள்ளப்பட்டது.

விட்டல்பாய் படேல் வலியுறுத்திய கொள்கை இதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பது நியாயமான கேள்வி. உறுப்பினர்களைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் படையிடம் இருக்கலாமா என்று சிலர் கேட்டபோது, அது வெறும் அரசியல் என்று ஒதுக்குவதற்கில்லை.

சட்டமன்றத்துக்குள் போலீஸ் நுழையலாமா?

அவைத் தலைவர் அனுமதியில்லாமல் கூடாது. உறுப்பினரை வெளியேற்ற வேண்டியிருந்தாலும் சபாநாயகர் உத்தரவிட்ட பிறகு அவைக் காவலர்கள்தான் அதைச் செய்ய வேண்டும்.

சென்னை உயர் நீதிமன்ற வாசலில் தமிழகப் போலீஸுக்குப் பதில் மத்தியப் படை நிற்பது ஏன்?

2009 பிப்ரவரி 19 அன்று உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் போலீஸாருக்கும் வழக்கறிஞர்களுக்கும் பெரும் மோதல் நடந்தது. தடியடியில் நீதிபதி ஒருவரே காயமடைந்தார். வளாகத்திலிருந்த காவல் நிலையத்துக்குத் தீ வைக்கப்பட்டது. அந்தக் காயம் ஆறவேயில்லை. போலீஸ் உள்ளே வந்தால் வழக்கறிஞர்களுக்குக் கோபம், உள்ளே போகவேண்டி வந்தால் போலீஸாருக்குத் தயக்கம். 2015-ல் நீதிமன்ற அறைக்குள்ளேயே போராட்டங்கள் நடந்தபோது, இரு தரப்புக்கும் சம்பந்தமில்லாத ஒரு படை வேண்டும் என்று உயர் நீதிமன்றம் முடிவெடுத்தது. அந்த ஆண்டு நவம்பர் 16 முதல் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை பொறுப்பேற்றது.

இந்த வளாகத்தில் எனக்குப் பிடித்த இரண்டு செய்திகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் உலகப் போரின்போது 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியக் கப்பல் எம்டன் வீசிய குண்டுகளில் ஒன்று இந்த நீதிமன்றச் சுற்றுச்சுவரில் விழுந்தது. அதற்கு அங்கே கல்வெட்டும் உண்டு. இன்னொன்று, ஆண்டுக்கு ஒருமுறை எல்லா வாயில்களையும் 24 மணி நேரம் பூட்டிவைக்கும் பழைய வழக்கம். தினமும் இதன் வழியே நடக்கிறோம் என்பதற்காக யாரும் பாதையுரிமை கோரிவிடக் கூடாது என்பதே காரணம். ஒரு பூட்டும் ஒரு நாளும் போதும், ஆவணம் எதுவும் எழுத வேண்டாம்.

தலைமைச் செயலகத்துக்குள் பொதுமக்கள் போகலாமா?

போகலாம். புனித ஜார்ஜ் கோட்டை 1644-ல் கிழக்கிந்தியக் கம்பெனி எதிரிகளை வெளியே நிறுத்தக் கட்டியது. இன்று சட்டமன்றமும் செயலகமும் அதற்குள்தான் இயங்குகின்றன. வளாகத்தின் சில பகுதிகள் ராணுவத்தின் பயன்பாட்டிலும், அருங்காட்சியகம் தொல்லியல் துறையிடமும் இருக்கின்றன. யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று சொல்லி, அடையாள அட்டையைக் காட்டி, நுழைவுச் சீட்டு வாங்கிச் செல்ல வேண்டும். சட்டமன்றம் கூடும் நாட்களில் கெடுபிடி அதிகம். முடிந்தால் அந்த நாட்களைத் தவிருங்கள்.

மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்தால் என்ன செய்கிறார்கள்? எப்படியும் புரளிதானே?

2025-ல் ஆட்சியர் அலுவலகங்களுக்கும் நீதிமன்றங்களுக்கும் இப்படி மிரட்டல்கள் தொடர்ந்து வந்தன, சோதனையில் எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் புரளி என்று தெரிவது சோதித்த பிறகுதான். வெடிகுண்டு கண்டறியும் பிரிவினர் மோப்ப நாயுடன் வருவார்கள். அறை அறையாக, கழிவறை, மாடிப்படிக்கு அடியில், பூந்தொட்டி, நிறுத்திவைத்த வண்டிகளின் அடிப்பகுதி என்று எதையும் விட மாட்டார்கள். ஊழியர்களை வெளியேற்றுவதா வேண்டாமா என்பதை மிரட்டலின் தன்மையைப் பார்த்து முடிவு செய்வார்கள். இன்னொரு பக்கம் சைபர் குற்றப் பிரிவு அனுப்பியவரைத் தேடும்.

பத்தாவது முறையும் முதல்முறை போலவே தேடுவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. அந்த நாய்க்கு முன்பு வந்தவை புரளி என்று தெரியாது. அதை நடத்திச் செல்பவருக்குத் தெரியும். தெரிந்தும் குனிந்து பார்க்கிறார்.

அலுவலகத்துக்கு முன்னால் போராட உரிமை இல்லையா?

ஆயுதமின்றி அமைதியாகக் கூடுவது அரசமைப்பு தரும் உரிமை. ஆனால் இடத்தையும் நேரத்தையும் காவல்துறை நெறிப்படுத்தலாம். சென்னையில் 1888-ன் சென்னை மாநகரக் காவல் சட்டம் பிரிவு 41, மாவட்டங்களில் 1861-ன் போலீஸ் சட்டம் பிரிவு 30(2) ஆகியவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். பழைய 144 தடை உத்தரவு இப்போது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163-ஆம் பிரிவில் இருக்கிறது. சென்னையில் சேப்பாக்கம், வள்ளுவர் கோட்டம், எழும்பூர் ராஜரத்தினம் அரங்கம் போன்ற இடங்களில் அனுமதி கிடைக்கும். கோட்டையை நோக்கிச் சென்றால் வழியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கூட்டம் கலையாவிட்டால் எச்சரிக்கை, தண்ணீர் பீய்ச்சுதல் அல்லது கண்ணீர்ப்புகை, தடியடி என்று படிப்படியாகப் போக வேண்டும். துப்பாக்கி கடைசி வழி. அந்தப் படிகள் சிதைந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தூத்துக்குடி சாட்சி. 2018 மே 22 அன்று, ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாளில், மக்கள் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிச் சென்றார்கள். அங்கும் நகரின் வேறு இடங்களிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டிலும் போலீஸ் நடவடிக்கையிலும் 13 பேர் இறந்தார்கள். 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை, தூண்டுதல் ஏதுமின்றியே சுடப்பட்டதாகச் சொன்னது. வளாகத்தில் வண்டிகள் எரிந்தன, கண்ணாடிகள் உடைந்தன, உண்மை. பொதுச்சொத்துக்குச் சேதம் விளைவிப்பவரைத் தண்டிக்க 1984-ன் மத்தியச் சட்டமும் 1992-ன் தமிழ்நாட்டுச் சட்டமும் இருக்கின்றன. உடைந்த கண்ணாடியை மறுவாரமே மாற்றிவிடலாம். அன்று மகளை இழந்த தாய்க்கு எதை மாற்றித் தருவது?

வாசலுக்கு வெளியே எதற்குத் தடுப்பு வேலிகள்?

ஆபத்தைக் கதவுக்கு வருவதற்கு முன்பே நிறுத்துவதற்காக. 2023 அக்டோபர் 25 அன்று கிண்டி ஆளுநர் மாளிகையின் வாயிலை நோக்கிப் பெட்ரோல் குண்டு வீசியவர் உள்ளே நுழைய முயலவே இல்லை, சாலையிலிருந்தே வீசினார். வெளி வளையத்தில் நிற்பவர்கள் கவனமாக இருந்தால்தான் உள்ளே இருப்பவர்களுக்கு நேரம் கிடைக்கும்.

வாக்கு இயந்திரங்கள் இருக்கும் கல்லூரியை ஏன் அத்தனை பேர் காக்கிறார்கள்?

அந்தச் சில வாரங்களுக்கு அதுதான் நாட்டின் மிக முக்கியமான அரசுக் கட்டடம். ஸ்ட்ராங் ரூம் என்னும் காப்பறையை வேட்பாளர்கள் அல்லது அவர்களின் முகவர்கள் முன்னிலையில் பூட்டி முத்திரையிடுவார்கள். அதை ஒட்டிய உள்வளையத்தில் மத்தியப் படை, வெளியே மாநிலப் போலீஸ், 24 மணி நேரக் கண்காணிப்புக் கேமரா. முகவர்களும் வெளியே உட்கார்ந்து காவல் காக்கலாம். காவலுக்கே காவல் வைக்க மக்களுக்கு இடமளிக்கும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது.

அரசு அலுவலகத்தைப் படம் எடுத்தால் கைது செய்வார்களா?

ராணுவ நிலையம், அணுமின் நிலையம் போன்றவை 1923-ன் அரசு ரகசியச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்ட இடங்களாக வரும். அங்கே கேமராவைத் தூக்கவே வேண்டாம். எல்லா அரசுக் கட்டடமும் அந்தப் பட்டியலில் வராது. காவல் நிலையம் அப்படித் தடைசெய்யப்பட்ட இடமல்ல என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2022-ல் கூறியது. ஆனாலும் வாசற் காவலர் வேண்டாம் என்றால் காரணம் கேளுங்கள், சச்சரவு வேண்டாம். கடமையைச் செய்யவிடாமல் தடுத்ததாக வழக்குப் போட அவர்களுக்குப் பிரிவு இருக்கிறது.

சோதனையை மறுக்கலாமா? பெண்களை ஆண் காவலர் சோதிக்கலாமா?

மறுக்கலாம், ஆனால் உள்ளே விட மாட்டார்கள். பெண்களைப் பெண் காவலர்தான் சோதிக்க வேண்டும். அவர் இல்லையென்றால் வரும்வரை காத்திருப்பதாகச் சொல்லுங்கள். நடத்தை மோசமாக இருந்தால் சீருடையில் உள்ள பெயரைக் குறித்துக்கொண்டு அதே குறைதீர்க்கும் நாளில் மனுவாகவே கொடுங்கள். நான் அப்படி இரண்டு மனு எழுதியிருக்கிறேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படைக்கு விலக்கு இருந்தாலும், ஊழல், மனித உரிமை மீறல் பற்றிய குற்றச்சாட்டுகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

வரும் திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறேன். எப்படித் தயாராவது?

ஆதார் அல்லது ரேஷன் அட்டை நகல், இரண்டு பிரதி மனு, பழைய மனு கொடுத்திருந்தால் அதன் ரசீது. பை சிறியதாக இருக்கட்டும். தண்ணீர் கொண்டுபோகலாம், ஒளிபுகும் பாட்டிலாக இருந்தால் வேலை சுலபம். கத்தி, அரிவாள்மனை, தீப்பெட்டி, லைட்டர் போன்றவற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வயலிலிருந்து நேராக வருகிறவர்கள் இடுப்பில் செருகிய கருக்கரிவாளை மறந்து வாசலில் மாட்டிக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நடக்க முடியாதவரை அழைத்துவந்தால் வாசற் காவலரிடம் முதலிலேயே சொல்லுங்கள், பூட்டிய பக்கத்து வாயிலைத் திறந்து வண்டியை உள்ளே விடுவதுண்டு. மனு பதிவானதும் தரும் எண்ணை வாங்காமல் திரும்பாதீர்கள். நேரில் வர இயலாதவர்கள் முதல்வரின் உதவி மையம் 1100-க்குப் பேசலாம். மனு எழுத ஆள் வேண்டுமென்றால் வாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் காலை ஒன்பது மணிக்கே உட்கார்ந்திருப்போம். பேனாவும் தாளும் நாங்களே கொண்டுவருகிறோம்.